முப்பத்தாறு இஞ்சிக் காற்சட்டை

1

நேற்றுக் காலை கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் ஜிம் அங்கத்துவம் இன்னும் ஏழு நாட்களில் முடிகிறது, புதுப்பிக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு தடவையும் அரபியில் ஒரு தடவையும் கேட்டிருந்தார்கள். பதில் அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு முன்பு இதே ஜிம்மின் வாசலில் காரை நிறுத்தி, இறங்கத் துணிவு வராமல், மூன்று நாட்கள் அடுத்தடுத்து வீட்டுக்குத் திரும்பிப் போனவன் நான்.

ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். ஜிம்முக்குப் போக என்ன பயம்? கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இப்போது ஜிம்கள் வந்துவிட்டன, பொடியன்மார் பின்னேரம் ஆனால் போகிறார்கள். ஆனால் போகிறவர்கள் ஏற்கெனவே உடம்பு உள்ளவர்கள். வயிறு உள்ளவன் போவதில்லை. அவன் கடற்கரை வீதியில் இரண்டு நாள் நடப்பான். மூன்றாம் நாள் யாராவது மோட்டார்சைக்கிளை நிறுத்தி, "என்ன மச்சான், ரத்தத்துல சீனி கூடிட்டா?" என்று கேட்பான். அதோடு நடையும் நின்றுவிடும். இந்தக் குறிப்புகளை முக்கியமாக அவனுக்காகத்தான் எழுதுகிறேன்.

2

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதுக்காரன். கட்டாரில் ஒரு கட்டட நிறுவனத்தில் கியூ.எஸ். வேலை பார்க்கிறேன். அதாவது ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு கண்ணாடி என்று அளந்து சொல்கிற வேலை. தோஹாவில் ஏழு வருடமாகிறது. மனைவி சப்னாவும் ஆறு வயது மகள் ஹனாவும் என்னோடு இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான்தான். வாப்பா அடுத்தவனின் தோணியில் கடலுக்குப் போனவர், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தே வாழ்ந்து மவுத்தானவர். எனக்கு ஒரு தாத்தா. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். பெயர் பரீதா. என்னைவிட எட்டு வயது கூட. மூன்றாம் வகுப்போடு நின்றவள். தையல் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளின் சீருடையும் அபாயாவும் தைப்பாள்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் கொப்பிகளைத் தினமும் வாங்கிப் பார்ப்பாள். பாடம் விளங்காது. சிவப்புப் பேனையில் சரி எத்தனை, பிழைக்குப் போட்ட புள்ளடி எத்தனை என்று எண்ணுவாள். "இண்டைக்கு மூணு புள்ளடி இரிக்கி. என்ன நடந்த?" என்று கேட்பாள். அவளிடம் பொய் சொல்ல முடியாது. பாடம் தெரியாத ஒருத்தியிடம் எந்தச் சாக்கைத்தான் சொல்வது?

3

தோஹாவுக்கு வந்தபோது எனக்கு அறுபத்தெட்டுக் கிலோ. காலையில் கார், பகல் முழுவதும் கதிரை, பின்னேரம் மறுபடி கார். வெளியே நடக்க முடியாத வெயில். வெள்ளிக்கிழமைகளில் ஊர்க்காரர் யாராவது வீட்டில் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவோம். அந்தத் தட்டில் சோறு இருக்கும்வரை எழும்பக்கூடாது, எழும்பினால் மற்ற ஐந்து பேரையும் அவமதித்த மாதிரி. இப்படியே ஆறு வருடத்தில் நூற்றிநான்கு கிலோ ஆனேன்.

லீவில் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பாராட்டுத்தான். "மாஷா அல்லாஹ், ஆள் நல்லா இரிக்கான்" என்பார்கள். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரனின் வயிறு அவனுடைய நல்ல காலத்தின் அத்தாட்சி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடந்த வருட லீவில் போனபோது தாத்தாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகியிருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நான்கு மணித்தியாலம் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது. சாய்ந்தமருது வெயிலில் ஒரு சின்னப் போத்தலில் அளந்து வைத்துக்கொண்டு, தாகம் தாங்காதபோது ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். அவளுடைய கணவர், என் மச்சான், சீனி வருத்தக்காரர், அவர் சிறுநீரகம் கொடுக்க முடியாது. பிள்ளைகள் சின்னவர்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். கண்டியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். பொருத்தம் சரியாக இருந்தது.

கடைசியாக டொக்டர் என்னைத் தராசில் ஏற்றினார். ஏறி நின்ற என்னையும் இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுடைய சிறுநீரகம் நல்லது. ஆனால் இந்த உடம்போடு உங்களைச் சத்திரசிகிச்சைக்கு எடுக்க மாட்டேன். மிச்சமிருக்கிற ஒன்றோடு நீங்கள் ஆயுள் முழுக்க வாழவேண்டும். இருபது கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்."

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். சொன்னேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப அல்லாஹ் எனக்குரிய சாமானக் கொழுப்புக்குள்ள பூட்டி வெச்சிரிக்கான். திறப்பு உன்ட கையில."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது கிலோ என்பது இறைச்சிக் கடையில் தொங்கும் ஒரு முழு ஆடு.

4

தோஹாவுக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மைத் தேடிப் பிடித்தேன். கண்ணாடிச் சுவர், உள்ளே வெளிச்சம், எந்நேரமும் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டிருப்பார்கள். காரில் இருந்தபடி அவர்களைப் பார்ப்பேன். எங்கள் ஆட்கள் பாரம் தூக்காதவர்கள் இல்லை. வாப்பா வாழ்நாள் முழுக்கத் தோணி தள்ளினார், வலை இழுத்தார். ஆனால் ஒரு பாரத்தைத் தூக்கி அதே இடத்தில் வைத்துவிட்டு, திரும்பவும் தூக்கி, திரும்பவும் அதே இடத்தில் வைப்பதை எங்கள் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. இதில் என்ன தெரிந்துகொண்டு உள்ளே போவது? உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் உயர்தரம் பாஸ் பண்ணியவர்கள், நான் மட்டும் பாலர் வகுப்பு என்று தோன்றியது.

நான்காம் நாள் இறங்கினேன். வரவேற்பில் இருந்த பிலிப்பைன் பெண் ஒரு படிவத்தைத் தந்தாள். உங்கள் நோக்கம் என்ன என்று கேட்டு நான்கு கட்டங்கள் போட்டிருந்தார்கள். உடம்பு வளர்த்தல், எடை குறைத்தல், நலமாக இருத்தல், வேறு. படிவம் என்று வந்தால் நான் உண்மையை எழுதுகிறவன். 'வேறு' என்ற கட்டத்துக்கு எதிரே 'சிறுநீரகம்' என்று எழுதினேன்.

"சேர், உங்களுக்குச் சிறுநீரக வருத்தமா?"

"இல்லை. என்னுடையது நல்லது. அதை வெளியே எடுக்க வேண்டும்."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். வைத்தியரின் கடிதம் இல்லாமல் சேர்க்க முடியாது என்றாள், மேலாளரைக் கூப்பிட எழும்பினாள். நான் பதறிப்போய் அதை வெட்டிவிட்டு, எடை குறைத்தல் என்ற கட்டத்தில் சரி போட்டுக் கொடுத்தேன். முதல் நாளுக்கு எல்லாம் தயார்: புதிய ரீ-சேட், சப்னா மடிப்புக் கலையாமல் ஸ்திரி போட்டுத் தந்த காற்சட்டை, கையில் ஒரு கொப்பியும் பேனையும். எந்த மெஷினில் என்ன செய்வதென்று இணையத்தில் பார்த்து எழுதி வைத்திருந்தேன். அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு, அதிகாலை ஐந்து மணிக்கு, அந்தக் கொப்பியோடு உள்ளே போனேன்.

5

உள்ளே பதினொரு பேர் இருந்தார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. எங்கள் வீட்டில் இருந்தது முகம் பார்க்கும் அளவுக் கண்ணாடி. என்னை முதுகுப் பக்கமாக நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எங்கே நிற்பதென்று தெரியவில்லை. தொழில் புத்தியில் சுவர்க் கண்ணாடி எத்தனை சதுர மீற்றர் வரும் என்று கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டு. அதற்கு மேல் அளக்க ஒன்றும் இல்லை. எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது.

பயந்த மனிதன் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்வான். எனக்குத் தெரிந்தது ஊர்ப் பழக்கம். எங்கள் பக்கம் கல்யாண வீடோ மவுத்து வீடோ, பத்துப் பேர் இருக்கிற இடத்துக்குள் போனால் சலாம் சொல்லி, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஆளை விட்டால் போச்சு. "என்ன தம்பி, நம்மளக் கண்ணுக்குத் தெரியல்லயா?" என்று பள்ளிவாசலில் வைத்துக் கேட்பார்.

சலாம் சொன்னேன். வாசலோரம் இருந்தவரிலிருந்து கை கொடுக்கத் தொடங்கினேன். இரண்டு பிலிப்பைன்காரர்கள் வியந்துபோய்க் கை தந்தார்கள். ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்த நேபாளக்காரர் மெஷினை நிறுத்தி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, கையைத் துடைத்துவிட்டுத் தந்தார். பயிற்சி கொடுக்கிற செல்வம், இராமநாதபுரத்துத் தமிழர், "வாங்க பாய்" என்று சிரித்தார். அப்படியே ஒருவரையும் விடாமல் போய்ப் பதினோராவது ஆளிடம் வந்தேன்.

அவர் எகிப்தியர். அஷ்ரப் என்ற பெயர் பிறகுதான் தெரியும். என்னைப் போல இரண்டு பேர் அகலம். பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகள் கோத்த பாரை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டு கையும் வேலையில் இருந்தன. என்றாலும் விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லையே. கையை நீட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "வ அலைக்கும் ஸலாம்" என்று சொல்ல வாயைத் திறந்தார், பிடித்து வைத்திருந்த மூச்சு போய்விட்டது. பார் மெல்ல மெல்ல இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. செல்வம் ஓடிவந்து தூக்கினார். அஷ்ரப் எழும்பி, சிவந்த முகத்தோடு என் முன்னால் நின்றார். நான் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று கிழமைகள், இருபத்தொரு நாள், அந்தப் பக்கமே போகவில்லை.

6

தாத்தா இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிடுவாள்.

"போறியா?"

"ஓம், போறன்."

"கிலோக் கணக்கெல்லாம் எனக்கு விளங்கா. இடுப்பு எத்தின இஞ்சி?"

"நாப்பத்திமூணு" என்றேன். நாற்பத்திநான்கு அங்குலமாகத்தான் இருந்தது. நல்லவேளையாக அது வீடியோ இல்லை. அவளுக்குப் பின்னால் தையல் மெஷின் நின்று நின்று ஓடுகிற சத்தம் கேட்டது. முன்பு நிற்காமல் ஓடும். இப்போது நான்கு தையலுக்கு ஒருமுறை இளைப்பாறினாள்.

அந்தக் கிழமை ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தாள். மாசிக் கருவாடும் தொதல் இனிப்பும்தான் இருக்கும் என்று பிரித்தேன். கறுப்பு நிறத்தில் ஒரு விளையாட்டுக் காற்சட்டை, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு வைத்து, கடையில் வாங்கியது போலத் தைத்திருந்தாள். இடுப்பு முப்பத்தாறு இஞ்சி. போட்டுப் பார்த்தேன். தொடைக்கு மேல் ஏறவில்லை. சப்னா முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாத்தாவைக் கூப்பிட்டேன்.

"இது ஏறாதே. இலாஸ்ரிக் போட்டிரிக்கலாமே?"

"போட மாட்டன். இலாஸ்ரிக் போட்டா நீ என்னை ஏமாத்துவாய். அதப் போட்டுக்கொண்டு கண்டிக்கு வா."

நாற்பத்திமூன்று என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கொப்பியில் புள்ளடி எண்ணியவள் அல்லவா.

சாப்பாட்டு மேசையில் இருந்த ஹனா, "வாப்பா, இந்த பேன்ட்ஸ் யாருக்கு?" என்று கேட்டாள். அவளுடைய தமிழில் பாதி இப்போது பள்ளிக்கூடத்து ஆங்கிலம், கொஞ்சம் கார்ட்டூன் ஹிந்தி. என் தாத்தா, அவளுக்கு மாமி, கைபேசிக்குள் இருக்கிற ஒரு முகம். அந்த முகம் ஏன் எப்போதும் ஐஸ் சாப்பிடுகிறது என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"வாப்பாவுக்குத்தான்" என்றேன்.

"நோ வாப்பா. இது வேற ஆளுக்கு."

7

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். சலாமும் இல்லை, கையும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராக மூலையிலிருந்த ட்ரெட்மில்லில் ஏறினேன். மெதுவாக நடந்தேன். கண்ணாடியில் அஷ்ரப் எழும்புவது தெரிந்தது. என்னை நோக்கித்தான் வந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அரபியும் ஆங்கிலமும் கலந்து கேட்டார்.

"ஏன் இன்று கை தரவில்லை?"

எனக்குத் தெரிந்த அரபி மதரசாவில் படித்த அரபி. மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, ஏதோ வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கம் மாதிரி வந்துவிட்டது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்றைக்கு எல்லோருக்கும் தந்தாய். இன்றைக்கு நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?"

நான்கு வருடமாக இங்கே வருகிறாராம். எல்லோர் காதிலும் ஏதாவது மாட்டியிருக்கும். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. அன்றைக்கு நான் போன பிறகு அவரும் நேபாளக்காரரும் முதன்முறையாகச் சிரித்துப் பேசினார்களாம். என்னைப் பற்றித்தான்.

"ஆனால் ஒரு நிபந்தனை" என்றார். "பார் கீழே இருக்கும்போது மட்டும் சலாம்."

மெஷினிலிருந்து இறங்கி, ஓரத்திலிருந்து தொடங்கி எல்லோருக்கும் கை கொடுத்தேன். செல்வம் என் கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"என்ன பாய், பரீட்சையா?"

"ஓம்."

"ஆமாங்கிறதுக்கு ஓம்ங்கிறீங்க, கோயில் ஐயர் மாதிரி." பக்கங்களைப் பார்த்தவர் பிறகு கேலியை விட்டுவிட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இதுல ரெண்டு தப்பு. முட்டி போயிரும்." பேனையை வாங்கி இரண்டு இடத்தில் புள்ளடி போட்டுத் தந்தார்.

8

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் குறிப்புகளில் எனக்கு முக்கியம்.

கண்ணாடியில் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தமது சண்டையில் இருந்தார்கள். கேசவ், அந்த நேபாளக்காரர், பகல் முழுவதும் கிரேனின் கூண்டுக்குள் அசையாமல் இருக்கிறவர். மாலையில் இறங்கும்போது கால்கள் தன்னுடையவை போல இருப்பதில்லை என்பார். அதற்காக விடியற்காலையில் ஓடுகிறார். அஷ்ரப் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒருமுறை விழுந்து முதுகெலும்பில் அடி. எழும்பி நடக்கவே ஐந்து மாதமாம். வெறும் பாரை, தட்டு ஒன்றும் இல்லாமல், தூக்கத் தொடங்கியவர் அவர். இந்த மனிதன் அப்படியே பிறந்தவர் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

அவர்கள் பொறுமையை என்னவென்று சொல்வது? நேற்று முடியாத ஒன்று இன்றும் முடியாது, நாளைக்கும் முடியாது, என்றாலும் வருகிறார்கள். முடியாமல் போனதை யாரும் மறைப்பதில்லை. பாரம் எழும்பாவிட்டால் கீழே வைத்து, ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி தூக்குகிறார்கள். படித்தவன் என்று பெயரெடுத்த நான் இவ்வளவு காலமும் தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டித்தான் வாழ்ந்திருக்கிறேன். சபையில் கேள்வி கேட்க வெட்கம், பிழை விட வெட்கம். இவர்கள் பதினொரு பேருக்கும் அந்த வெட்கமே இல்லை.

செல்வத்தின் வாயில் 'இன்னும் ஒண்ணு' என்ற சொல் ஓயாது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாய்." அது முடிந்ததும், "சூப்பர், இன்னும் ஒண்ணு." அந்த ஆள் ஒன்று என்று சொன்னது எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை.

ஆறாம் மாதம் தொண்ணூற்றொரு கிலோவில் வந்து நின்றுவிட்டது. ஐந்து கிழமைகளாக ஒரு கிராமும் அசையவில்லை. அதே நேரத்தில் ஊரிலிருந்து மச்சான் தொலைபேசியில் எடுத்தார். தாத்தாவின் நெஞ்சில் நீர் கட்டி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் சாப்பாட்டை நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஜிம்மில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். செல்வம் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "தண்ணி குடிங்க பாய், முழுசாக் குடிங்க" என்றார். ஒரு லீற்றர் போத்தல். தாத்தாவின் இரண்டு நாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

செல்வம் எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "பட்டினி கிடந்து இளைச்சா டாக்டர் ரத்தத்துல புடிச்சிருவாரு. அக்காவுக்குக் குடுக்கப் போறது நல்லா இருக்க வேணாமா? நாளையிலருந்து நான் சொல்றத சாப்புடுங்க" என்றார். அஷ்ரப் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை கிலோ மிச்சம்?"

"ஏழு."

"நாளையிலிருந்து நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்."

நின்றார். தன் பாரத்தைத் தொடமுன் என் பக்கத்தில் வந்து நிற்பார். கேசவ் ஓடுவதை விட்டு என்னோடு நடந்தார். தாத்தா ஆறு நாளில் வீட்டுக்கு வந்தாள். நான் கூப்பிட்டபோது குரல் மெலிந்திருந்தது, கேள்வி மாறவில்லை.

"இடுப்பு?"

"முப்பத்தொம்பது." அதுதான் உண்மை.

"ம். இந்த முறை சரி போடுறன்."

9

ஒன்பதாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தக் கறுப்புக் காற்சட்டையை எடுத்துப் போட்டேன். ஏறியது. மூச்சைப் பிடிக்காமல் பொத்தான் பூட்டியது. தராசு எண்பத்திமூன்றரை காட்டியது. சப்னா படம் எடுத்து அனுப்பினாள். தாத்தாவிடமிருந்து வந்த பதில் குரல் பதிவு மூன்று விநாடிதான். "வா தம்பி."

லீவு எடுப்பது உடம்பு குறைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. நிறுவனத்தின் படிவத்தில் வருடாந்தம், சுகயீனம், ஹஜ், மரணம் என்று நான்கு வகை லீவுதான் உண்டு. மனிதவளப் பிரிவில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"உங்களுக்குச் சுகமில்லையா?"

"நான் நல்ல சுகம். அக்காவுக்குத்தான்."

"அப்படியென்றால் மரண லீவா?"

"அந்த லீவு எடுக்க வேண்டி வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த லீவைக் கேட்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடைசியில் வருடாந்த லீவோடு சம்பளமில்லாத லீவையும் சேர்த்துத் தந்தார்.

கண்டியில் அனுமதி கொடுக்கிற குழுவுக்கு முன்னால் இருவரையும் இருத்தினார்கள். காசுக்குச் சிறுநீரகம் விற்கிறவர்கள் உறவு என்று சொல்லிக்கொண்டு வருவார்களாம், அதனால் குடைந்து குடைந்து கேட்பார்கள். பிறப்புப் பதிவும் கிராம சேவகரின் கடிதமும் கொடுத்தோம். சின்ன வயதில் சேர்ந்து எடுத்த படம் ஏதும் இருக்கிறதா என்றார்கள். சுனாமியில் வீட்டோடு போய்விட்டன என்றேன். ஒரு தாதி சிங்களத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், இதச் சொல்லுங்க. காசிக்கு விக்கிறவனெண்டா இரிக்கிறத வித்துப்போட்டுப் போவான். இவன் இருபது கிலோவக் கரைச்சிப்போட்டு வந்திரிக்கான். இந்தா, இந்தக் கழுசான் நான் முன்னாலயே தைச்சி அனுப்பினது." என் ரீ-சேட்டை உயர்த்தி இடுப்புப் பட்டியைக் காட்டினாள்.

தாதி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். குழுவில் இருந்த வயதான டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு கிழமையில் அனுமதி வந்தது.

சத்திரசிகிச்சையைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழும்பியபோது இடது பக்கம் நெருப்பாக எரிந்தது. தாத்தாவுக்கு வேலை செய்கிறதா என்று கேட்டேன். "நல்லா வேலை செய்யுது" என்றார் தாதி. அதன் பிறகு எரிவு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

10

தோஹாவுக்குத் திரும்பி ஒரு கிழமை ஆகிறது. ஹனா என் தழும்பைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினேன். விரலால் தொடாமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ள இருந்தது இப்ப எங்க?"

"ஊர்ல. மாமிட்ட."

"அப்ப வாப்பா, நீங்க கொஞ்சம் ஊர்ல இரிக்கிங்க."

அவள் 'இரிக்கிங்க' என்று சொன்னாள். எங்கிருந்து அந்த ஊர்ச் சொல் வந்ததென்று தெரியவில்லை.

இன்று காலை சுபஹுக்குப் பிறகு ஜிம்முக்குப் போனேன். இன்னும் ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கறுப்புக் காற்சட்டை தழும்பில் அழுத்தும் என்று தாத்தா தளர்வாக வேறொன்று தைத்துத் தந்துவிட்டாள், இந்த முறை இலாஸ்ரிக் வைத்து. உள்ளே போய்ச் சலாம் சொன்னேன். எல்லோரும் பாரைக் கீழே வைத்தார்கள். ஓரத்திலிருந்து தொடங்கிக் கை கொடுத்துக்கொண்டே வந்தேன். அஷ்ரப் என் இரண்டு பக்கத்தையும் பார்த்து, "எந்தப் பக்கம்?" என்றார். இடது பக்கத்தைக் காட்டினேன். வலது பக்கமாக வந்து தோளை அணைத்துக்கொண்டார்.

அப்போது கைபேசி அடித்தது. தாத்தா, வீடியோவில். எங்கே நிற்கிறேன் என்று கூட அவள் கேட்கவில்லை. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜக் இருந்தது.

"இஞ்ச பாரு" என்றாள்.

ஜக்கை இரண்டு கையாலும் தூக்கிக் குடிக்கத் தொடங்கினாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. அஷ்ரப் என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தார். கேசவ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். செல்வமும் வந்தார். நாங்கள் நான்கு பேர், ஒரு பெண் தண்ணீர் குடிப்பதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதி ஜக்கில் அவள் நிறுத்தி இளைப்பாறினாள்.

செல்வத்துக்குப் பழக்கதோஷம். "அக்கா, இன்னும் ஒண்ணு" என்றார்.

தாத்தா அந்தக் குரல் யாருடையது என்று கேட்காமல், மிச்சத்தையும் குடித்து முடித்து, ஜக்கைக் கவிழ்த்துக் காட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உன்ட கிட்னி பொல்லாத கிட்னிடா தம்பி. நீ ஜிம்முக்குப் போன பழக்கம் அதுக்கும் வந்திரிக்கி, நிக்காம வேலை செய்யுது. குடிச்சா உடன ஓட வேண்டிக் கிடக்கு. இரி, ஓடிட்டு வாறன்."

கைபேசியை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். திரையில் தையல் மெஷினும் காலி ஜக்கும் மட்டும் தெரிந்தன. அவள் திரும்பி வரும்வரை நாங்கள் நான்கு பேரும் அப்படியே நின்றோம்.

போகும்போது வரவேற்பில் அந்தப் பிலிப்பைன் பெண் புதுப்பிக்கும் படிவத்தைத் தந்தாள். அதே நான்கு கட்டங்கள். இந்த முறை 'நலமாக இருத்தல்' என்பதற்கு எதிரே சரி போட்டுக் கொடுத்தேன்.